தகட்டுக்குப் பொறகு

கண்ணாடி மேசையின்மேல் கடைக்காரர் இரண்டு மேலுறைகளை அருகருகே வைத்தார். இரண்டும் கைபேசியின் முதுகில் பொருத்துபவை. இரண்டிலும் பொன்னிற இலைப்பின்னல் மின்னியது. ஒன்று, என்னோடு வந்திருந்த அக்காள் தம் பட்டறையில் செய்தது. மற்றொன்று, ஒரு பெரிய நிறுவனம் அந்த மாதம் சந்தைக்கு அனுப்பியது. மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் போகும் வழியில் இருந்த கடை அது. புதிய சரக்கு வேண்டுமா என்று விசாரிக்க அவர் நுழைந்தார். படகுக்கு நேரமிருந்ததால் நானும் உடன் நுழைந்தேன்.

"சேச்சி, சத்தியம் சொல்லு. கம்பெனிக்காரனோடத பார்த்து நீ அடிச்சதுதானே?" என்று கடைக்காரர் சிரித்தபடியே கேட்டார்.

"நான் உனக்கு மொதல்ல தந்தது ரெண்டு மழைக்கு முந்தி."

"அதெல்லாம் ஆருக்கு ஓர்மை? வர்றவன் டூப்ளிகேட் வேண்டாம், ஒரிஜினல் எடுங்கிறான். நான் எதைத் தொட்டு ஒரிஜினல்னு சொல்லட்டே?"

"ரெண்டையும் தொட்டுப் பாரு. தெரியும்."

"தொட்டா ரெண்டும் பிளாஸ்டிக்கு சேச்சி."

அக்காள் தம்முடையதை மட்டும் எடுத்து, முந்தானையில் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இஞ்சிக் கிடங்குகளின் நெடி தெருவை அடைத்திருந்தது. சுமை வண்டி ஒன்றுக்கு ஒதுங்கி நின்றபோதுதான் பேசினார்.

"புலவரே, சென்னையில இது பாஸாகலைன்னா நான்தான் கள்ளி. அவன் சிரிச்சிட்டுச் சொன்னது பின்னே சத்தியமாயிடும், கேட்டோ."

புலவர் என்பது என் படிப்பை வைத்து அவர் எனக்கு இட்ட கேலிப்பெயர். 'பாஸாவது' என்று அவர் சொன்னது தம் காப்புரிமை விண்ணப்பத்தை. அந்த மேலுறையைத் தாமே கண்டறிந்ததாக அவர் கொடுத்திருந்த விண்ணப்பம் அப்போது சென்னை அலுவலகத்தில் ஆய்வில் இருந்தது. ஆய்வாளர் இரண்டு மறுப்புகளை எழுதி அனுப்பியிருந்தார். இது வெறும் அலங்காரம், அலங்காரத்தைப் பதிவுசெய்துகொள்ள வேறு சட்டம் இருக்கிறது, காப்புரிமை என்பது ஏதேனும் ஒரு வேலையைச் செய்யும் பொருளுக்கே உரியது என்பது முதல் மறுப்பு. இரண்டாவது அதைவிடக் கடியது. தெளிந்த தகட்டின் வெளிமேல் பொற்சித்திரம் பதித்த பேழை ஒன்று வெளிநாட்டு விண்ணப்பமொன்றில் முன்னரே விவரிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே இதில் புதுமை இல்லை என்றது. எங்கள் வழக்கறிஞர் அனுப்பிய மறுமொழி ஆய்வாளருக்கு நிறைவளிக்கவில்லை. இனி நேர்விசாரணை ஒன்றே மீதம். அதிலும் மறுப்பு நீங்காவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும். அந்த விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்திருந்த வாரம் அது.

நான் அந்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி; தந்தையார் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் குழாய் பழுதுபார்ப்பவர். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் மலையாளப் பள்ளிக்குப் போனபோது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மலை கடந்து சென்று தமிழ் இலக்கணமும் உரைகளும் படித்துத் திரும்பினேன். அந்தப் படிப்புக்குக் கொச்சியில் வேலை இல்லை. அச்சகங்களில் பிழை திருத்தினேன். கோயில் மலர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். எறணாகுளத்தில் காப்புரிமை, வணிகக்குறி வேலைகளைப் பார்த்துவந்த இந்த வழக்கறிஞர், வாக்கியம் முறியாமல் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அமர்த்திக்கொண்டார். திருநெல்வேலிக்காரர். இருபது ஆண்டுகளுக்கு மேல் கொச்சியில் வாழ்ந்தும், மலையாளத்தை நீதிமன்றத்தில் மட்டும் பேசி, மற்ற இடங்களிலெல்லாம் தாமிரபரணித் தமிழையே விடாமல் வைத்திருந்தவர்.

அக்காள் என் உடன்பிறந்தவர் அல்லர்; என் தெருவை ஒட்டிய குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய தந்தையாரும் நகராட்சிப் பணியாளர். தொண்ணூறுகளில் அக்காள் காக்கநாட்டு ஏற்றுமதி வளாகத்தில் வானொலிப் பாகங்கள் பொருத்தும் வேலைக்குப் போனார். அங்கே வந்திறங்கும் முகப்புத் தகடுகளின் உட்புறத்தில் சிறு எண் ஒன்று பொறித்திருக்குமாம். அது என்ன என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார். இதைக் கண்டுபிடித்தவனுடைய எண், வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது என்று பொருள், என்று அவர் சொன்னார். அந்த வாக்கியம் தமக்குள் நின்றுவிட்டது என்று அக்காள் சொல்வார். பின்னர் வேலையை விட்டு, பழைய சுக்குக் கிடங்கின் பின்பாதியை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பெண்களோடு திரை அச்சு வேலை தொடங்கினார். கைபேசி பரவத் தொடங்கியதும் மேலுறைக்குத் திரும்பினார்.

அந்த மேலுறையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அடியில் கெட்டியான ஓடு. மேலே கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய தகடு. இரண்டையும் பசை பிணைக்கிறது. பொன்மை என்னும் பொன்னிற மையால் அச்சிட்ட சித்திரம் மூன்றாவது அடுக்கு. கொச்சியின் உப்புக் காற்றிலும் உள்ளங்கை வியர்வையிலும் எந்தப் பொன்மையும் நெடுநாள் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, பொன்மையின்மேல் பசை பிடிப்பதும் இல்லை. இந்த இரண்டு தொல்லைகளுக்கும் அக்காள் ஒரே வழி கண்டிருந்தார். அது என்ன என்பதைத்தான் விண்ணப்பம் சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணைக்கு முன் கோப்பு முழுவதையும் படித்துச் சுருக்கம் எழுதும்படி வழக்கறிஞர் என்னிடம் சொன்னார். உரைகாரர்களைப் படித்துப் பழகியவன் நான். ஒரு தொடரைப் படித்தால் அதனோடு முரண்படும் தொடர் வேறெங்கேனும் உண்டா என்று தேடாமல் என்னால் இருக்க முடியாது. கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு ஆங்கிலத்தில் கொடுத்திருந்த விவரக்குறிப்பையும் அப்படியே படித்தேன். முதலில் ஓடு வருகிறது, அதன்மேல் தெளிந்த தகடு வருகிறது, தகட்டை அடுத்துப் பொற்சித்திரம் வருகிறது என்று வரிசை சொல்லப்பட்டிருந்தது. ஒட்டும் வேலை முடிந்தபின் சித்திரம் பதிக்கப்படுவதாக அது பொருள்பட்டது. அப்படியானால் பொன் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்க வேண்டும். இதுவே பழைய வெளிநாட்டுப் பேழையின் அமைப்பும்.

ஆனால் நான்காம் பக்கத்தின் இறுதியில் ஒரு வாக்கியம் தனித்து நின்றது. சித்திரத்தின் இலை வடிவ இடைவெளிகளின் வழியே பசை எழுந்து தெளிந்த தகட்டைப் பற்றுகிறது, என்றது அது.

மீண்டும் படித்தேன். பசை ஓட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பொன் தகட்டுக்கு வெளியே இருந்தால், பசை தகட்டைப் பற்றுவதற்கு எந்த இடைவெளியின் வழியாகவும் எழ வேண்டியதில்லை. ஒன்று, வாக்கியம் பொய். அல்லது வரிசை பொய். இணைத்திருந்த ஒரே படமோ மேலுறையை முன்னிருந்து காட்டியது. முன்னிருந்து பார்த்தால், பொன் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றே.

அன்று மாலைப் படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி நேரே பட்டறைக்குப் போனேன். பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அச்சிட்ட தகடுகள் கம்பித் தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்தன.

"அக்கா, தகட்டை ஒட்டிய பிறகா பொன் அடிக்கிறீர்கள்?"

"ஒட்டின பிறகா? அதெப்படி?" என்றார். "ஒட்டினா பின்னே பொறகுல கை போகுமோ?"

"விண்ணப்பத்தில் அப்படித்தான் இருக்கிறது."

"நான் அன்னைக்கே சாரு கேக்கச் சொன்னேனே. அடியில ஓடு, மேல ஷீட்டு, கோல்டு ஷீட்டுக்குப் பொறகு. அவரும் தலைய ஆட்டி ஆட்டி எழுதினாரு."

"ஷீட்டுக்குப் பிறகு என்றால்…"

"பிறகு இல்ல புலவரே, பொறகு!" காய்ந்த தகடு ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, அதன் மறுபக்கத்தைத் தட்டினார். "இதோ, இதுதான் பொறகு. நீ மட்டாஞ்சேரியில பொறந்தவன்தானே? பொறகு தெரியாதா உனக்கு?"

கை கழுவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தெருவில் 'பொறகு' என்றால் பின்பக்கம். பேருந்தில் பொறகே ஏறு என்பார்கள். வீட்டுக்குப் பொறகுல கிணறு என்பார்கள். மலையாளக் காற்று பட்ட தமிழ் அது. திருநெல்வேலிக்காரருக்கோ பொறவு என்றால் அப்புறம். பொறவு வா, பொறவு பார்ப்போம் என்பது அவர் நாளெல்லாம் சொல்லும் பேச்சு. தகட்டுக்குப் பின்னால் என்று இடத்தைச் சொன்ன சொல், தகட்டுக்கு அப்புறம் என்று காலத்தைச் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. ஓடு, தகடு, அப்புறம் பொன். மூன்றாவதாக வருவது மேலேதானே இருக்கும்? நான் போற்றிக் கற்ற செந்தமிழும் இதில் உதவாது. பின் என்னும் சொல் அங்கேயும் இடத்துக்கும் காலத்துக்கும் பொதுதான்.

அக்காள் கண்டறிந்தது அந்தப் 'பொறகில்'தான் இருந்தது. பொன்னைத் தெளிந்த தகட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டு, அந்தப் பக்கத்தை ஓட்டின்மேல் கவிழ்த்து ஒட்டுகிறார். வியர்வை பொன்னைத் தொடுவதில்லை. பொன் இருக்கும் இடத்தில் பசை பிடிக்காது; ஆகவே சித்திரத்தில் இலை இலையாக வெற்றிடம் விட்டிருக்கிறார். விளிம்பை நெருங்க நெருங்க இலைகள் அடர்கின்றன. அந்த வெற்றிடங்களின் வழியே பசை தகட்டைப் பற்றிக்கொள்கிறது. அழகுக்காக விட்டவை என்று எல்லாரும் நினைத்த இடைவெளிகளே அடுக்குகளைப் பிரியாமல் பிடித்திருந்தன. இதை விண்ணப்பம் சொல்லியிருந்தால் ஆய்வாளரின் இரண்டு மறுப்புகளும் எழுந்தே இருக்கமாட்டா.

மறுநாள் காலை வழக்கறிஞரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அவர் சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"பொறவுன்னா அப்புறம்தாம்வே. என் ஆச்சி காலத்துலேந்து அப்படித்தான்."

"இங்கே பின்பக்கம் ஐயா."

"சரி, இருக்கட்டும். இப்ப நான் ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லும். அந்தக் கம்பெனிக்காரன் கோல்டை எங்க அடிக்கான்?"

"வெளியே."

"வெளிய அடிக்கான்லா? நம்ம கிளெயிம் 'வெளிய'ன்னே நின்னு ஜெயிச்சிட்டா அவனை மடக்கிப் பிடிக்கலாம். உள்ளேன்னு மாத்திட்டா அவன் பாட்டுக்கு வித்துக்கிட்டே இருப்பான். இந்தப் பொம்பளை கையில கடுதாசியை வச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கணும். அதுக்கா இம்புட்டுப் பாடு?"

"வெளியே என்று நின்றால் பழைய பேழை குறுக்கே நிற்கிறதே?"

"அது நகைப்பெட்டிவே. இது போனு. வாதாடிப் பார்க்கலாம்."

அவர் சொன்னதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. கட்சிக்காரருக்குப் பெரிய வேலியைப் பெற்றுத் தர நினைத்தார். அந்த வேலி வேறொருவர் நிலத்தில் நின்றது. மேலும், முதல் நாளில் எழுதிக் கொடுத்ததற்கு அப்பால் புதிதாக எதையும் பின்னர் நுழைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. திருத்தம் கேட்டு அது மறுக்கப்பட்டால், எங்கள் விவரக்குறிப்பு பிழையானது என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெளியே என்று வாதாடும் வழியும் அடைபடும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றுக்குத் திரும்ப முடியாது.

"அக்காவிடம் கேட்டுவிடலாமா?" என்றேன்.

"ரயில்ல கேட்போம்," என்றார்.

ரயிலில் அவர் கேட்கவில்லை. எறணாகுளத்தில் நாங்கள் இருவரும் ஏறினோம். ஆலுவாவில் தங்கை வீட்டில் இருந்த அக்காள் அங்கே ஏறிக்கொண்டார். கையில் துணிப்பை, அதற்குள் ஓடுகளும் தகடுகளும். பாலக்காடு வரையில் வழக்கறிஞர் விசாரணை அறையில் எங்கே உட்கார வேண்டும், எப்போது எழ வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இறுதியில், "நீ வாய் திறக்காத தாயி. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்," என்றார்.

"நான் செஞ்சத நான் சொல்லக் கூடாதா சாரே?"

"நீ சொல்லித்தான இப்படி ஆச்சு?"

அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். அக்காள் சன்னலுக்கு வெளியே பார்த்தார். என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த நான்காம் பக்கத்தின் படி, மடிப்பின் முனையால் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது. தைத்துக்கொண்டு வந்த முள்ளைப்போல அதை அடிக்கடி தொட்டுப் பார்த்தேன்.

விசாரணை அறை சிறியது. ஆய்வாளருக்கு மேலே முடிவெடுக்கும் கட்டுப்பாட்டாளர் நடுவயதினர், குரலை உயர்த்தாதவர். அவர் எதிரில் எங்கள் கோப்பும் அந்த வெளிநாட்டு விண்ணப்பமும் திறந்து கிடந்தன. வழக்கறிஞர் நகைப்பெட்டிக்கும் கைபேசிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துரைக்கத் தொடங்கினார். நன்றாகவே பேசினார். கைபேசி சூடாகும், கையில் புரளும், விழும், நனையும் என்று அடுக்கினார். கட்டுப்பாட்டாளர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, தாளைப் புரட்டி ஒரே கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி. வெளிப்பக்கம் பதிச்ச சித்திரம் அலங்காரத்தைத் தவிர வேற என்ன வேலை செய்யுது?"

வழக்கறிஞர் ஒரு நொடி தயங்கினார். அந்தத் தயக்கத்தைக் கண்ட கட்டுப்பாட்டாளர் அக்காளைப் பார்த்தார்.

"நீங்கதானே இன்வென்டர்? நீங்க சொல்லுங்கம்மா. இந்தக் கோல்டை எப்ப போடுறீங்க?"

எப்போது என்று கேட்டார். எங்கே என்று கேட்டிருக்கலாம். அக்காள் வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் தாளைப் பார்த்தார். அக்காள் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அதற்கு மேல் எதுவும் செய்ய எனக்கு உரிமை இல்லை.

"பொறகுல, சாரே," என்றார் அக்காள்.

"பிறகு. ஒட்டினதுக்குப் பிறகு," என்று கட்டுப்பாட்டாளர் எழுதப் போனார்.

"அய்யோ, இல்ல சாரே! எழுதாதீங்க!" அக்காள் எழுந்தேவிட்டார். துணிப்பையிலிருந்து அச்சிட்ட தகடு ஒன்றை எடுத்து, தம் தோளைத் திருப்பி முதுகைத் தொட்டுக் காட்டினார். "பொறகு. இது. முதுகு. ஷீட்டோட முதுகுல. ஒட்டுறதுக்கு முந்தி."

கட்டுப்பாட்டாளர் பேனாவை மூடினார்.

"உங்க மறுமொழியில வெளிமேல் பரப்புன்னு எழுதியிருக்கீங்க, வக்கீல் சார். இவங்க உள்ளேன்னு சொல்றாங்க. நான் எதை எடுத்துக்கிறது?"

வழக்கறிஞருக்கு அப்போதும் வழி இருந்தது. பெண்மணிக்குத் தொழில்மொழி தெரியாது, தாளில் உள்ளதே சரி, என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகைப்பெட்டிக்குத் திரும்பியிருக்கலாம். அவர் அதை எண்ணிப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். அவருடைய விரல் கோப்பின் விளிம்பை இருமுறை தட்டியது. அக்காள் இன்னும் தகட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

"அய்யா, அது நான் கேட்ட தப்பு," என்றார் வழக்கறிஞர். "எங்க ஊர்ல பொறவுன்னா அப்புறம். இந்த அம்மா ஊர்ல பொறகுன்னா முதுகு. நான் என் ஊருக் காதை வச்சுக்கிட்டுக் கேட்டுட்டேன்."

கட்டுப்பாட்டாளர் சிரிக்கவில்லை. "அதைக் காரணமா வச்சு நான் புது விஷயத்தை உள்ள விட முடியாது. முதல் நாள் தாக்கல் பண்ணின தாள்ல இது இருக்கா? இருந்தா காட்டுங்க. இல்லேன்னா இதோட முடிச்சுக்கலாம்."

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார். "அந்த நாலாம் பக்கத்தைக் கொண்டாரும்வே."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல், "நீரே வாசியும்," என்றார். அலுவலக உதவியாளனுக்கு அங்கே பேச இடமுண்டா என்பது எனக்குத் தெரியாது. கட்டுப்பாட்டாளர் தலையசைத்தார். சித்திரத்தின் இடைவெளிகளின் வழியே பசை எழுந்து தகட்டைப் பற்றுகிறது என்ற வாக்கியத்தை வாசித்தேன். பொன் வெளியே இருந்தால் இந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை என்றும், உள்ளே இருந்தால் மட்டுமே இது பொருள்படும் என்றும் சொன்னேன். விவரக்குறிப்பு முழுவதிலும் தகட்டை 'அடுத்து' என்றுதான் உள்ளது, 'வெளியே' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை, பின்னாளில் வந்த மறுமொழியில்தான் நுழைந்தது, என்றும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது.

கட்டுப்பாட்டாளர் தம் கோப்பில் அந்தப் பக்கத்தைத் தேடியெடுத்தார். நெடுநேரம் படித்தார். முன்பின் பக்கங்களையும் படித்தார். மின்விசிறி தாள்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு அக்காளிடமிருந்து தகட்டை வாங்கி, முன்பக்கத்தை நகத்தால் கீறினார், எதுவும் வரவில்லை. கவிழ்த்துக் கீறினார். நகத்தில் பொன் ஒட்டியது.

"மாதிரியை வச்சு நான் முடிவு பண்ணக் கூடாது," என்றார், தமக்கே சொல்லிக்கொள்வதுபோல. பின் அக்காளை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கங்க. உட்பக்கம்னு திருத்தினா உங்க உரிமை உட்பக்கத்துக்கு மட்டும்தான். வெளிப்பக்கம் அடிக்கிறவங்க யாரா இருந்தாலும் உங்களால தடுக்க முடியாது. அதோட, இந்த இடைவெளி, பசை, எல்லாம் சேர்ந்தாத்தான் உரிமை. ரொம்பச் சின்னதாப் போயிடும். சம்மதமா?"

ரயிலில் கேட்கப்படாத கேள்வி அது. வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அக்காளின் முகத்தில் அந்தக் கடையின் கண்ணாடி மேசை வந்து போனதை நான் கண்டேன்; அல்லது என் மனத்தில் வந்து போனதை அவர் முகத்தில் கண்டதாக எண்ணிக்கொண்டேன்.

"அந்தப் பக்கம் நான் அடிச்சதே இல்ல சாரே," என்றார். "அடிக்காததுக்கு எனக்கு எதுக்கு?"

ஆணையை ஒத்திவைத்திருப்பதாகச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். வெளியே வந்ததும் வழக்கறிஞர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதிர்க் கடையில் மூன்று தேநீர் சொன்னார். "முதுகு, முதுகு! இந்தச் சொல்லை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா தாயி?" என்றார்.

"முதுகுன்னு ஆளுக்குத்தானே சாரே சொல்வாங்க? பிளாஸ்டிக்குக்கு ஏது முதுகு?"

வழக்கறிஞருக்குத் தேநீர் புரையேறியது.

காத்திருந்த மாதங்கள் நல்லவையாக இல்லை. நிறுவனத்தின் மேலுறை எல்லாக் கடைகளிலும் தொங்கியது. அக்காளிடம் சரக்கு எடுத்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். பட்டறைப் பெண்களில் இருவர் வேறு வேலைக்குப் போனார்கள். படகுத்துறையில் என்னைக் காணும்போதெல்லாம், "வந்தோ?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். ஒருமுறை, கேட்காமலே படகேறிப் போய்விட்டார். அன்றுதான் எனக்கு அச்சம் மிகுந்தது.

ஆணை மழைக்காலத்தில் வந்தது. திருத்தம் ஏற்கப்பட்டிருந்தது. மற்ற உரிமைக்கோரிக்கைகள் எல்லாம் நீக்கப்பட்டு, ஒன்று மட்டும் நின்றது. தெளிந்த தகட்டின் பின்பரப்பில் அச்சிட்ட சித்திரம், அதன் இடைவெளிகளின் வழியே தகட்டைப் பற்றும் பசை, விளிம்பில் அடரும் வெற்றிடங்கள் என்று, ஒரு மூச்சில் படித்துவிடக்கூடிய அளவுக்குச் சிறிய கோரிக்கை. அதை அக்காளுக்குத் தமிழில் சொன்னபோது, பின்பரப்பு என்ற இடத்தில் என்னை நிறுத்தினார். "அது பொறகுதானே?" என்று உறுதிசெய்துகொண்டபின்தான் மேலே படிக்கவிட்டார்.

அந்த மழை ஓய்வதற்குள் படகுத்துறைக் கடைக்காரர் அக்காளைக் கூப்பிட்டனுப்பினார். நானும் போனேன். கண்ணாடி மேசையின்மேல் ஒரு பெட்டி நிறைய மேலுறைகள் கிடந்தன. எல்லாவற்றிலும் பொன் செதிள் செதிளாக உதிர்ந்திருந்தது. வாங்கியவர்கள் திருப்பித் தந்தவை. ஒருவருடைய கன்னத்தில் பொன்துகள் ஒட்டிக்கொண்டதாம். மனைவி சண்டை பிடித்தாளாம்.

"பாரு சேச்சி உன் பணி. ஒரு மழை தாங்கல," என்றார் கடைக்காரர்.

அக்காள் ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார். வெளிப்பக்கப் பொன் மாவாக வந்தது. தம் பையிலிருந்து தம்முடைய மேலுறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதைத் தேய்."

கடைக்காரர் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். சாவியை எடுத்துக் கீறினார். தகட்டில் கீறல் விழுந்தது. அதனடியில் பொன் அசையவில்லை.

"அப்போ பெட்டியில கெடக்கிறது கம்பெனிக்காரனோடதா?"

"பெட்டியில உள்ளது அவனோடது. நீ தேய்ச்சது என்னோடது. கவர்மெண்டு எழுதித் தந்திருக்கு."

"எழுதித் தந்தாங்களா? பின்னே கேஸ் போட்டு அவனை நிறுத்திரலாமே?"

"அது ஒக்காது, முடியாது. அவன் அந்தப் பக்கம் அடிக்கிறான். எனக்குத் தந்தது இந்தப் பக்கம்."

கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நிறுத்த ஒக்காதுன்னா பின்னே அவங்க எழுதித் தந்த கடலாசு எதுக்கு சேச்சி?"

"இளகி விழுந்தது என்னோடது இல்லன்னு சொல்றதுக்கு."

"அதை வாயால சொன்னா போதாதா?"

"வாயாலதானே சொன்னேன் போன தடவை," என்றார் அக்காள். "நீ கேட்டியா?"

கடைக்காரர் உதிர்ந்த மேலுறைகளைப் பெட்டிக்குள் தள்ளினார். மேசைமேல் பரவிக் கிடந்த பொன்தூளைத் துண்டால் துடைத்தார். அது துண்டிலும் ஒட்டிக்கொண்டது.

"சாயா சொல்லட்டே?" என்றார்.

"சொல்லு," என்றார் அக்காள். "புலவருக்கும் சேர்த்து."